உவர்மண்ணும் பச்சைத் துணியும்

துணியில் காணும் அழுக்கு துணியோடு பிறந்ததா, பின்னால் வந்து படிந்ததா என்னும் கேள்வியைச் சைவ சித்தாந்தம் அளவுக்கு விடாமல் துருவிய சிந்தனை மரபுகள் குறைவு. உயிரைப் பிணித்திருக்கும் குற்றங்களை மலம், அதாவது அழுக்கு, என்றே பெயரிட்டு அழைத்த அம்மரபு, அவற்றை இரு வகையாகப் பிரித்தது. செம்பில் களிம்பு போல, தொடக்கம் சொல்ல முடியாதபடி உயிரோடு கூடவே இருக்கும் ஆணவம் சகச மலம். உடலும் உலகும் ஆகிய மாயையும், செயலின் விளைவாகிய கன்மமும் இடையில் வந்து பொருந்துவனவாதலால் ஆகந்துக மலம். இந்தப் பாகுபாடு மடங்களின் பாட வகுப்புகளிலும் உரை நூல்களிலும் நுட்பமாக விவாதிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் அழுக்கைப் பற்றிய ஒரு கொள்கை, அழுக்கு நாள்தோறும் விழும் இடத்தில் வைத்துப் பார்க்கப்படும்போதுதான் அதன் வலிவும் எல்லையும் தெரியவரும். தூத்துக்குடியில் ஒரு வீட்டுக் கூடத்தில் போடப்பட்டிருக்கும் பூல் மேசையின் பச்சைத் துணி அத்தகைய இடங்களில் ஒன்று.

பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் ஆகிய மூன்று ஆட்டங்களின் மேசைகளும் சமதளமாக இழைக்கப்பட்ட சிலேட்டுக் கல்லின் மேல் கம்பளித் துணியை இழுத்துப் பொருத்தி அமைக்கப்படுவன. ஐரோப்பாவில் புல்தரையில் ஆடிய ஓர் ஆட்டம் வீட்டுக்குள் வந்தபோது புல்லின் நிறமும் உடன் வந்தது என்று அதன் வரலாற்றை எழுதியவர்கள் கூறுவர். இந்தியாவுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்னும் படை அதிகாரி (பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதமரான அதே பெயருடையவர் அல்லர்) தொடங்கிய ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகள் 1882இல் உதகமண்டலம் கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. ஆகவே இத்துணியைத் தமிழ்நாட்டுக்கு முற்றிலும் அயலான பொருளாகக் கொள்ள வேண்டியதில்லை. கம்பளிக்கு ஏற்ற குளிர்ந்த நீலகிரியில் வேரூன்றிய அது, கம்பளிக்குச் சற்றும் ஒவ்வாத கடற்கரைக்கு இறங்கி வந்திருக்கிறது என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது.

கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை ஈரத்தைத் தொட்டால் தெரியாதபடி உள்வாங்கக் கூடியது. ஈரம் ஏறிய துணி தளர்கிறது. அதன் மேல் பந்து மெதுவாக ஓடுகிறது. பெரும் போட்டிகளில் சிலேட்டுக் கல்லின் அடியில் வெப்பமூட்டிகளைப் பொருத்துவது இதனால்தான். தூத்துக்குடியிலோ காற்றில் ஈரத்தோடு உப்பும் கலந்து வருகிறது. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டும்போது ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ அதில் பாதிக்கும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். எனவே துணியில் படிந்த உப்பு, காற்றிலுள்ள ஈரத்தைத் துணிக்குள் அழைத்து வந்து அங்கேயே தங்க வைக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் குதிரைமொழி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காடுகளின் செம்மணல் பறக்கிறது. துறைமுகத்தில் இறங்கி அனல்மின் நிலையத்துக்குப் போகும் நிலக்கரியின் தூசும் இந்நகரின் காற்றில் உண்டு. இவை யாவும் ஆகந்துகம், வெளியிலிருந்து வந்தவை. புதுத் துணி முதல் சில மாதங்களில் தானே உதிர்க்கும் பஞ்சு போன்ற நுண்ணிழைகள் மட்டும் துணியோடு பிறந்தவை. அந்த அளவில் சித்தாந்தத்தின் பாகுபாடு மேசையின் மீதும் செல்லுபடியாகிறது.

ஆனால் இவ்விரு வகையிலும் அடங்காத ஓர் அழுக்கும் அத்துணியில் உண்டு. அதுவே எல்லாவற்றிலும் மிகுதியானது. கோலின் முனையிலுள்ள தோலில் ஆடுபவர் அடிக்கடி தேய்த்துக்கொள்ளும் நீலநிற அல்லது பச்சைநிறச் சாக் கட்டி, பெயருக்கு மாறாக, சுண்ணாம்பால் ஆனதன்று. ஸ்பிங்க்ஸ் என்னும் ஆட்டக்காரரும் ஹாஸ்கின்ஸ் என்னும் வேதியியலாளரும் 1897இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கலவை, மணற்கல்லின் சத்தாகிய சிலிக்காவையும் குருந்தக்கல்லின் தூளையும் அடிப்படையாகக் கொண்டது. இந்தச் சொரசொரப்பு இல்லாவிட்டால் கோல்முனை பந்தில் பிடிக்காமல் வழுக்கிவிடும், ஆட்டமே நடக்காது. ஒவ்வொரு அடியிலும் அதில் ஒரு சிறு பகுதி துணியில் விழுகிறது. விழுந்த தூள் பந்தின் எடையால் இழைகளுக்கிடையே அழுந்தி, தன் கடினத்தால் அவற்றை உள்ளிருந்தே அரிக்கிறது. இவ்வழுக்கு துணியின் இயல்பும் அன்று, காற்று கொண்டுவந்ததும் அன்று. ஆட்டம் நடப்பதற்கு இன்றியமையாததும், நடந்து முடிந்தபின் இருக்கக் கூடாததுமான பொருள்.

இந்த இரட்டைத் தன்மையை முன்கூட்டியே சிந்தித்த நூல் ஒன்று தமிழில் இருக்கிறது. மெய்கண்டாரின் மாணவரான அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் ஒரு தடையை எழுப்பி விடை சொல்கிறார். உடலும் கருவிகளும் உலகமும் மாயையின் காரியங்கள், மாயையும் மலமே, அழுக்கைக் கொண்டு அழுக்கைப் போக்குவது எப்படி என்பது தடை. அதற்கு அவர் காட்டும் சான்று வண்ணாரின் தொழில். அழுக்கேறிய துணியை வெளுப்பவர் அதில் சாணியையும் உவர்மண்ணையும், அதாவது காரமும் உப்பும் கலந்த மண்ணையும், ஏற்றிப் பிசைகிறார். முதலில் துணி முன்னிலும் அழுக்காகிறது. பின் அலசும்போது பழைய அழுக்கும் புதிதாக ஏற்றியதும் ஒருசேர நீங்குகின்றன. அதுபோல இறைவன் உயிருக்கு உடலையும் உலகையும் தந்து, அவற்றின் வழியே ஆணவத்தைத் தேய்த்து, முடிவில் இரண்டையும் நீக்குகிறான். தாமிரபரணி தோன்றும் பொதிகையின் அடிவாரத்தில், விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் இந்நூலுக்கு உரை வகுத்தார். அந்த ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயல் தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கிறது. உவர்மண்ணின் குணத்தை விளக்கிச் சொல்ல வேண்டாத நிலம் இது.

இச்சான்றில் பெரிதும் போற்றத் தக்கது, அது உலகைப் பழிப்பதில்லை என்பதாகும். உடல் அழுக்கு, உலகம் அழுக்கு என்று சொல்லி ஒதுங்கிவிடும் துறவுரைகள் எல்லாச் சமயங்களிலும் மலிந்திருக்கும்போது, அருணந்தியார் அந்த அழுக்குக்கு ஒரு வேலை கொடுக்கிறார். மேசைக்கு இது ஓரளவே பொருந்தும். சாக் தூள் வேறெந்த அழுக்கையும் போக்குவதில்லை. சிலேட்டின் மேல் விறைப்பாக இழுத்துப் பொருத்திய துணியை நீரில் அலசவும் முடியாது, நனைந்தால் சுருங்கி அதன் விறைப்பு கெடும். ஆயினும் தேவையான காலத்தில் கருவியாகவும், அக்காலம் கடந்தபின் களைய வேண்டியதாகவும் ஒரே பொருள் நிற்க முடியும் என்னும் கருத்துக்கு இதைவிடக் கண்கூடான சான்று எளிதில் கிடைக்காது. அழுக்கு என்பது ஒரு பொருளின் குணமாக இல்லாமல் அது இருக்கும் இடத்தையும் காலத்தையும் பொறுத்ததாக இருக்கிறது. மேரி டக்ளஸ் என்னும் பிரிட்டிஷ் மானுடவியலாளர் தூய்மை பற்றி 1966இல் வெளியிட்ட நூலில், தன் இடத்தில் இல்லாத பொருளே அழுக்கு என்ற கருத்தை விரிவாக எடுத்துரைத்தார். உப்பளத்தில் செல்வமாகக் குவிக்கப்படும் உப்பு, சில கல் தொலைவில் கம்பளியைக் கெடுக்கும் ஊரில் இக்கருத்துக்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது.

இக்கடற்கரையின் பிற சமயங்களும் மண்ணையும் அழுக்கையும் ஒன்றாக்கிவிடவில்லை. காயல்பட்டினத்து முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ சட்ட மரபில், தொழுகைக்கு உடலும் உடையும் இடமும் நஜீஸிலிருந்து, அதாவது மார்க்கம் அசுத்தம் என வரையறுத்தவற்றிலிருந்து, தூய்மையாக இருக்க வேண்டும். ஆனால் வெறும் மண்ணும் புழுதியும் நஜீஸில் சேரா. நீர் கிடைக்காதபோதோ, நோயால் நீரைத் தொட இயலாதபோதோ, தூய மண்ணில் உள்ளங்கைகளைத் தட்டி முகத்தையும் கைகளையும் தடவித் தயம்மும் செய்யலாம். அம்மண்ணில் புழுதி இருக்க வேண்டும் என்பதுகூட அம்மரபின் நிபந்தனை. கழுவிப் போக்க வேண்டியதாக நாம் எண்ணும் புழுதியே இங்குத் தூய்மை தருகிறது. கத்தோலிக்கத் திருச்சபையில், நற்கருணைப் பாத்திரத்தைத் துடைக்கும் துகிலையும் அதன் அடியில் விரிக்கும் துகிலையும் முதலில் கையால் அலசி, அந்த முதல் நீரைச் சாக்கடையில் விடாமல், நேரே மண்ணுக்குள் செல்லும் தொட்டியிலோ தகுந்த இடத்து மண்ணிலோ ஊற்றுவது வழக்கம். 2004இல் வத்திக்கான் வெளியிட்ட வழிபாட்டு நெறிமுறையும் இதைப் பாராட்டி வலியுறுத்தியது. துகிலிலிருந்து நீங்குவது அங்கே அழுக்காகக் கருதப்படுவதில்லை. அதற்கு உரிய இடம் மண். 1555இல் கடல்வழி வந்ததாகப் பரதவ மக்கள் போற்றும் பனிமய மாதாவின் ஊரில் இந்த வழக்கத்தைப் பற்றி அறிந்தவர் பலர்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் இக்கரை, அழுக்கின் வழியாகவும் தூயது வரும் என்னும் உண்மையைக் கடுமையான வடிவில் கண்டது. 1961இல் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பு வரை, கரையேற்றிய சிப்பிகளை அழுகவிட்டு, அழுகிய சதையை மீண்டும் மீண்டும் நீரில் கழுவியே முத்துகளைப் பிரித்தெடுத்தனர். அந்த நாற்றத்தைத் தாங்கிக்கொண்டு கழுவியவர்களின் கை வழியாக வராத முத்து எந்த அரசர் கழுத்திலும் ஏறியிருக்காது.

மேசைத் துணியைப் பேணும் முறை சுருக்கமானது. ஆனால் பொறுமையைக் கேட்பது. ஸ்னூக்கர் துணியின் மேற்பரப்பில் நுண்ணிய இழைகள் ஒரே திசையில் சாய்ந்து கிடக்கும்; ஆட்டம் தொடங்கும் முனையிலிருந்து கறுப்புப் பந்து நிற்கும் முனை நோக்கியே அச்சாய்வு அமையும். பிரஷ் அத்திசையில் மட்டுமே நேர்க்கோட்டில் செல்ல வேண்டும்; எதிர்த்திசையில் தேய்த்தால் இழைகள் நிமிர்ந்து பந்தின் வழியை மாற்றும். பூல் மேசைகளுக்கு இன்று பெரும்பாலும் பயன்படும் இறுக்கமான முறுக்கு நூல் துணியில் சாய்வு இல்லையென்றே சொல்லலாம். எனினும் வட்டமாகத் தேய்ப்பது தூளை இழைகளுக்குள் திணிக்குமேயன்றி வெளியேற்றாது. குஷன் எனப்படும் ரப்பர் விளிம்புகளின் அடியில் ஒதுங்கிய தூளை முதலில் வெளியே இழுத்து, பிறகு பரப்பு முழுவதையும் துலக்கி, மெல்லிய இழுவிசையுள்ள வாக்குவம் கிளீனரால் எஞ்சியதை எடுப்பது நல்லது. நீர் சிந்தினால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஸ்னூக்கர் துணிக்கு இஸ்திரி போடும் வழக்கமும் உண்டு. சூடு அளவாக இருக்கிறதா என்பதை முதலில் செய்தித்தாளில் வைத்துப் பார்ப்பார்கள், தாள் பழுத்தால் துணிக்கு ஆகாது. பந்துகளைத் துடைத்து வைப்பது, சாக் கட்டியைக் குழிந்த பக்கம் மேலாக விளிம்பில் வைப்பது, ஆடாத நேரத்தில் மேசையை மூடி வைப்பது ஆகிய எளிய பழக்கங்கள் கடற்கரை வீடுகளில் இன்னும் கூடுதலான பயன் தருவன.

இவ்வளவும் செய்து முடித்த அன்று மாலையே ஆட்டம் தொடங்கும். முதல் அடியிலேயே தூள் விழும். மெய்யியல் நோக்கில் இதுவே கடினமான இடம். கட்டுவதற்கு முடிவு உண்டு, பேணுவதற்கு இல்லை. முடிவில்லாத, எதையும் புதிதாகப் படைக்காத, இருந்ததை இருந்தபடி வைக்க மட்டுமே முயலும் ஒரு வேலைக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? சித்தாந்தம் இதற்கு நேரடியான விடை ஒன்று வைத்திருக்கிறது. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகளில் முதலாவதாகிய சரியை, கோயிலைத் திருவலகிட்டுப் பெருக்குதல், தரையை மெழுகுதல் போன்ற உடலுழைப்பால் ஆனது. திருநாவுக்கரசர் கையிலிருந்த உழவாரம் திருக்கோயில் முற்றத்தில் புல் செதுக்கும் கருவி. செதுக்கிய புல் மழைக்குப் பின் மீண்டும் முளைக்கும் என்பது அவருக்குத் தெரியாததன்று. முளைப்பதால் அப்பணி வீணாகிவிடவில்லை. அதனால்தான் அது ஒருநாள் செயலாக நின்றுவிடாமல் ஒரு வாழ்க்கை ஆயிற்று. ஆனால் விளையாட்டு மேசையைத் துலக்குவதைச் சரியை என்று சொல்லிவிடுவது சரியைக்கு இழுக்கு. சரியை இறைவனுக்காகச் செய்யப்படுவது. மேசையைத் துலக்குவது ஆடுபவரின் இன்பத்துக்காக. இந்த வேறுபாட்டை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

எனினும் இரண்டுக்கும் பொதுவான ஒன்றைச் சேக்கிழார் காட்டுகிறார். 12ஆம் நூற்றாண்டில் அவர் பாடிய பெரியபுராணத்தில் வரும் திருக்குறிப்புத் தொண்டர், காஞ்சியில் வாழ்ந்த ஏகாலியர், அதாவது துணி வெளுப்பவர். அடியவர் மனக்குறிப்பை அறிந்து தொண்டு செய்ததால் அப்பெயர் பெற்ற அவரிடம், குளிர்காலத்தில் ஒரு மெலிந்த சிவனடியார் அழுக்குக் கந்தை ஒன்றோடு வருகிறார். இக்கந்தை இல்லாமல் குளிரைத் தாங்க முடியாது, பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தர வேண்டும் என்பது நிபந்தனை. தொண்டர் அழுக்கைப் போக்கி வெள்ளாவி வைத்துப் புடைக்கத் தொடங்குமுன் மழை பிடித்துக்கொள்கிறது, மாலையாகியும் விடவில்லை. துணி உலரவில்லை, வாக்கு தவறியது, ஓர் அடியவர் குளிரில் நடுங்கப் போகிறார் என்னும் துயரத்தில் அவர் துணி துவைக்கும் கல்லிலேயே தலையை மோதப் போகும்போது, கல்லருகிலிருந்து எழுந்த இறைவன் கை தடுத்து நிறுத்துகிறது. வேலை முடிவதற்கு முன்பே அது ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதும், இறைவன் வெளுக்கக் கொண்டுவந்தது பட்டாடையன்று, கந்தை என்பதும் இவ்வரலாற்றில் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டியவை. பிறர் உடலில் பட்ட அழுக்கைத் தன் கையால் தொட்டவரின் கையை இறைவன் கை பற்றியது.

அருணந்தியார் இறைவனையே வண்ணாரின் இடத்தில் வைத்தார். சேக்கிழார் வண்ணாரை நாயன்மாராக வைத்தார். இவ்விரு நூல்களையும் போற்றிய சமூகம் என்ன செய்தது என்பதற்கு இதே நிலத்தில் சான்று உண்டு. 1986 வரை தூத்துக்குடியையும் உள்ளடக்கியிருந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்தில், தீண்டப்படாதார் எனப்பட்டோரின் துணிகளை வெளுத்த புதிரை வண்ணார், கண்ணில் படுவதே தீட்டு என்று கருதப்பட்டு, இரவில் மட்டுமே வெளியே நடமாட நிர்ப்பந்திக்கப்பட்டனர் என்பதை 1932இல் வெளிவந்த பத்திரிகைச் செய்தி பதிவு செய்தது. அம்பேத்கர் தம் எழுத்தில் அதை எடுத்துக்காட்டினார். மதம் மாறியவர்களுக்கும் இத்தொழிலின் இழிவு மாறவில்லை என்பதை, 1994இல் வெளிவந்த இமையத்தின் கோவேறு கழுதைகள் நாவலில் வரும் ஆரோக்கியம் என்னும் கிறித்தவ வண்ணாத்தியின் வாழ்க்கை சொல்கிறது. அழுக்கை உண்டாக்குபவர் தூயவராகவும், அதை நீக்குபவர் அழுக்கானவராகவும் எண்ணப்பட்டனர். எந்தத் தத்துவமும் இதற்குக் காரணம் காட்ட முடியாது. உவர்மண்ணின் சான்று இதற்கு நேர் எதிரானது. அச்சான்றில் வெளுப்பவரின் கையில் எந்த அழுக்கும் ஒட்டுவதில்லை, ஒட்டுமென்றால் இறைவனுக்கு அவரை ஒப்பிட்டிருக்க முடியாது.

ஆட்ட மேசையின் வரலாற்றிலும் இப்பிளவு சிறிய அளவில் காணப்படுகிறது. ஆங்கிலேயர் காலத்துக் கிளப்புகளில் புள்ளிகளைக் குறிப்பதும், கோல்களை எடுத்துத் தருவதும், இரவில் ஆட்டம் முடிந்தபின் துணியைத் துலக்கி இஸ்திரி போடுவதும் மார்க்கர் எனப்பட்ட இந்தியப் பணியாளரின் வேலை. துணியின் சாய்வையும் பந்தின் ஓட்டத்தையும் உறுப்பினர்களைவிட நன்றாக அறிந்த அவர், அந்த மேசையைச் சூழ்ந்திருந்தவர்களில் சமமாக அமர முடியாத ஒருவராக இருந்தார். அறிவு அவரிடமும் ஆட்டம் மற்றவரிடமும் பிரிந்து கிடந்தன.

வீட்டு மேசை இந்த ஏற்பாட்டை மாற்றும் வாய்ப்புடையது. அங்கே மார்க்கர் இல்லை; தூளைச் சிந்தியவரே துலக்க வேண்டியவராகிறார். எந்த இடத்தில் தூள் மிகுதி, எந்தக் குஷனடியில் உப்பின் பிசுபிசுப்பு, எந்த இழை நைந்திருக்கிறது என்பதெல்லாம் துலக்கும்போதுதான் தெரிகின்றன. அவற்றை அறிந்தவரின் ஆட்டமும் மேம்படுகிறது. தான் உண்டாக்கிய அழுக்கைத் தன் கையால் தொட்டறிதல் ஞானத்தின் பெரும்படிகளில் ஒன்றாக இல்லாமலிருக்கலாம். ஆயினும் அதைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டு, ஏற்றப்பட்டவரை இழிவாக நினைக்கும் பழக்கம் எந்த அளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதை எண்ணும்போது, இச்சிறு வேலையை அற்பமென்று தள்ள முடியவில்லை. ஆகவே மேசை வாங்கும் வசதி பெற்ற வீடுகளில், ஆட்டம் முடிந்தபின் பிரஷைக் கையில் எடுப்பவர் கடைசியாக ஆடியவராகவே இருக்கட்டும். பிள்ளைகளுக்கு அடிக்கக் கற்றுத்தரும் அதே நாளில் துலக்கவும் கற்றுத் தரப்படட்டும். முதுமையாலோ நோயாலோ அவ்வேலையை ஒரு பணியாளரிடம் ஒப்படைக்க நேர்ந்தால், அவருக்கு உரிய கூலியோடு அந்த மேசையில் ஆட ஓர் இடமும் கொடுக்கப்பட வேண்டும்.